மொறுமொறு ஆனியன் ரிங்ஸ்: வெங்காயம் உருவிக்கொண்டு வராமல், ஓடு நமுத்துப் போகாமல் வீட்டிலேயே பொரிக்க முழு வழிகாட்டி

ஆனியன் ரிங்ஸ் வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். கடித்ததும் உள்ளே இருந்த வெங்காயம் முழுசாக உருவிக்கொண்டு வாயோடு வந்துவிடுகிறது, வெறும் மாவு ஓடு கையில் நிற்கிறது. இல்லையென்றால், வாணலியில் இருந்து எடுத்தபோது சலசலவென்று இருந்தது தட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடம் நமுத்துப் போகிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்று: தண்ணீர். வெங்காயத்தின் எடையில் ஏறத்தாழ 89 சதவீதம் தண்ணீர்தான். 200 கிராம் வெங்காயத்தை வெட்டினால் முக்கால் டம்ளருக்கு மேல் தண்ணீரைத்தான் வெட்டுகிறோம். அந்த ஈரத்தை எப்போது வெளியேற்றுவது, எங்கே தடுப்பது, பொரித்த பிறகு அது மறுபடி ஓட்டுக்குள் ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்தப் பலகாரத்தின் வேலையே. மாவில் என்ன சேர்க்கிறோம் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

இங்கே சொல்லும் அளவில் நான்கைந்து பேருக்குப் போதுமான 35 முதல் 40 வளையங்கள் வரும்.

தேவையானவை

பெரிய வெங்காயம் 2 (ஒவ்வொன்றும் 200 கிராம் அளவு)

புரட்டி எடுக்க: மைதா 5 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன்

கரைக்க: மைதா 120 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், அரிசி மாவு 30 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், தூள் உப்பு 1 டீஸ்பூன், ஜில்லென்ற சோடா 240 மில்லி (கைவசம் இன்னும் 30 மில்லி இருக்கட்டும்)

பொரிக்க: கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 750 மில்லி முதல் 1 லிட்டர் வரை

சோடா என்றால் இனிப்போ எலுமிச்சை வாசனையோ இல்லாத வெறும் சோடா. கார்ன்ஃப்ளார் என்பது வெள்ளையாக, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் கிரீச்சென்று சத்தம் வரும் மாவு. மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவை வாங்கிவிட வேண்டாம், அது வேறு.

வெங்காயத்தைப் பார்த்து எடுப்பது

பெல்லாரி வெங்காயத்தில் 7, 8 சென்டிமீட்டர் அகலம் உள்ளதாக, உருண்டையாக, அழுத்தினால் கல்போல இருப்பதாக எடுங்கள். கழுத்துப் பக்கம் மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகல் தொடங்கியிருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே ஒரே குருத்து இருக்க வேண்டும். சில வெங்காயத்தை வெட்டினால் நடுவே இரண்டு மூன்று குருத்து தனித்தனியாக இருக்கும். அதில் வெளிப்புறத்து இரண்டு வளையம்தான் முழுதாகக் கிடைக்கும், மற்றதெல்லாம் பிறை பிறையாக உடையும். வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். வெங்காயம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாக, நடுவே லேசான பள்ளம் ஓடி, இரண்டு வெங்காயம் ஒட்டிப் பிறந்தது மாதிரி இருந்தால் அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருவமும் உண்டு. மார்ச்சுக்கு மேல் அறுவடையாகும் ராபி வெங்காயம் ஈரம் குறைந்தது, அதனால்தான் அதை மாதக்கணக்கில் இருப்பு வைக்க முடிகிறது. ஆண்டுக் கடைசியில் வரும் காரிஃப் வெங்காயத்தில் தண்ணீர் அதிகம். அந்த மாதங்களில் செய்தால் துடைத்து உலர்த்தும் வேலையை இரட்டிப்பாகச் செய்ய வேண்டியிருக்கும்.

வெட்டுவது

வேர்ப் பக்கத்தை நீக்காமல் தோலை உரித்து, வெங்காயத்தைப் படுக்கப் போட்டு, மேல் நுனியில் இருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள். வேர் இருந்தால் கடைசித் துண்டு வரை வெங்காயம் பிரியாமல் நிற்கும். கனம் 1 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டருக்கு மெலிதாக வெட்டினால் வெங்காயம் சுருங்கி, சாப்பிடும்போது மாவு மட்டும்தான் தெரியும். ஒன்றரைக்குப் போனால் ஓடு சிவந்த பிறகும் உள்ளே பச்சை வாடை நிற்கும். ஒரே சீராக வெட்டுவது இதைவிட முக்கியம். ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மெலிது என்றால் ஒரே வளையத்தில் பாதி கருகும், பாதி வேகாது.

வளையங்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். நடுவில் இருக்கும் சின்ன வளையங்கள் இதற்கு உதவாது. தனியாக எடுத்து வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

உறைய வைத்து உருகவைப்பது

பலரும் விட்டுவிடும் கட்டம் இதுதான். வெங்காயம் உருவிக்கொண்டு வருவதற்கான மருந்தும் இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் மாவு பிடிக்காது, வழுக்கும். பொரியும்போது அது வேகாமல் நார்போல இறுகிவிடும், பல்லுக்கு அறுபடாது. அறுபடாததால்தான் ஒரு கடிக்கு மொத்த வெங்காயமும் இழுபட்டு வருகிறது.

பச்சை வெங்காயத்தில் இதை உரிப்பது பொறுமையைச் சோதிக்கும். நகத்தால் சுரண்டினால் துண்டு துண்டாகக் கிழியும். அதற்குப் பதிலாக, வளையங்களை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நல்ல ஃப்ரீசர் என்றால் 1 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டிக்கு 3, 4 மணி நேரம் ஆகும். முதல் நாள் இரவே வைத்துவிட்டாலும் சரி. உறையும்போது வெங்காயத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸாகி விரிந்து திசுக்களின் சுவரை உடைத்துவிடும். எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் உருகி, வளையம் துவண்டு தொங்கும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு வளையத்தை எடுத்து, உட்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளுங்கள். சவ்வு ஒரு ஓரத்தில் சுருண்டு எழும். அதைப் பிடித்து இழுத்தால் ஈரமான பட்டையாக ஒரு சுற்று முழுதும் அறாமல் கழன்று வரும். நாற்பது வளையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். உறைந்து உருகிய வெங்காயம் பாதி வெந்தது போல மென்மையாகிவிடுவதால், ஓடு சிவக்கும் அந்த இரண்டரை நிமிடத்துக்குள் உள்ளேயும் வெந்துவிடும். ஓடும் வெங்காயமும் ஒரே நேரத்தில் பக்குவமாவது இதனால்தான்.

ஃப்ரீசர் வசதியோ நேரமோ இல்லையென்றால், வளையங்களில் அரை டீஸ்பூன் உப்பைப் பிசிறி 20 நிமிடம் வைத்து, விடும் தண்ணீரை வடித்து, கழுவித் துடைத்து, முடிந்தவரை சவ்வை உரியுங்கள். பரவாயில்லை என்கிற அளவுக்கு வரும், உறையவைத்ததற்கு ஈடாகாது. ஐஸ் தண்ணீரில் ஊறவைப்பதும் மோரில் ஊறவைப்பதும் காரத்தைக் குறைக்கும், சவ்வை ஒன்றும் செய்யாது.

எந்த வழியானாலும் அடுத்தது துடைப்பது. ஒரு பருத்தித் துண்டில் வளையங்களைப் பரப்பி, மேலே இன்னொரு துண்டைப் போட்டு ஒற்றி எடுங்கள். பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் விட்டு மறுபடி ஒருமுறை ஒற்றுங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது.

மாவு கரைப்பது

எண்ணெய் காயத் தொடங்கிய பிறகுதான் மாவைக் கரைக்க வேண்டும். முன்கூட்டியே கரைத்து வைத்தால் சோடாவின் குமிழ்கள் போய்விடும், மைதாவின் பசையும் ஏறும்.

உலர்ந்த பொருட்களைச் சலித்துக் கலந்து, இரண்டு கிண்ணத்தில் சரிபாதியாகப் பிரித்து வையுங்கள். நாற்பது வளையத்தையும் பொரித்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே தடவையில் கரைத்தால் கடைசி வளையங்களுக்குச் செத்த மாவுதான் கிடைக்கும். முதல் கிண்ணத்தில் 120 மில்லி சோடாவை ஊற்றி முள்கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். மிளகு அளவுக் கட்டிகள் அங்கங்கே இருந்தால் இருக்கட்டும். அவற்றைக் கரைக்கிறேன் என்று அடித்தால் மைதா இழுவையாகி, ஓடு மொறுமொறுப்புக்குப் பதில் ரப்பர் போலாகும். கட்டியில்லாமல் கரைத்தே பழகிய கைக்கு இது உறுத்தும், ஆனாலும் விட்டுவிடுங்கள். கிண்ணத்தை ஐஸ் கட்டி போட்ட பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். குளிர்ந்த மாவில் பசை மெதுவாகத்தான் ஏறும், குமிழும் நிற்கும்.

பதம்: பஜ்ஜி மாவைவிட நீர்க்க, தோசை மாவைவிடச் சற்று இறுக்கம். ஒரு வளையத்தை முக்கித் தூக்கினால் மாவு நாடாவாக வழிந்து, மூன்று நான்கு நொடியில் சொட்டுச் சொட்டாக மாற வேண்டும். வெங்காயத்தின் நிறம் மாவுக்கு வெளியே தெரிந்தால் நீர்த்துவிட்டது, ஒரு டீஸ்பூன் மைதா சேருங்கள். வழியவே இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் சோடா.

ஏன் மூன்று மாவு? மைதா வெங்காயத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறம் தரும். பசையில்லாத கார்ன்ஃப்ளார் ஓட்டை மெலிதாக, நொறுங்கும்படி ஆக்கும். அரிசி மாவு அந்த மொறுமொறுப்பை அதிக நேரம் நிற்க வைக்கும். ஆனால் அரிசி மாவை 50 கிராமுக்கு மேல் ஏற்றினால் முறுக்கு மாதிரி கடுக்கெனக் கடினமாகிவிடும். கடலை மாவைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்த்தால் சுவையான வெங்காய பஜ்ஜி கிடைக்கும். ஆனியன் ரிங்ஸுக்குரிய அந்தச் சலசலக்கும் ஓடு கிடைக்காது, சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும்.

பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவு ஆப்ப சோடாவைப் போட்டுவிடக் கூடாது. பேக்கிங் பவுடரில் புளிப்புப் பொருளும் சேர்ந்தே இருக்கிறது. ஆப்ப சோடா தனியாகப் போனால் சோப்பு வாடை வரும், ஓடு சீக்கிரம் கறுக்கும், எண்ணெயும் குடிக்கும். மிளகாய்த்தூளைக் கரைக்கும் மாவில் போடாமல் உலர் மாவில் போடச் சொன்னதற்கும் காரணம் உண்டு: எண்ணெயை நேரடியாகத் தொடும் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும், உள் அடுக்கில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எண்ணெயும் சூடும்

கனமான அடியுள்ள வாணலியில் எண்ணெய் குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும், பாத்திரத்தின் பாதிக்கு மேல் போகக்கூடாது. சூடு 180 டிகிரி செல்சியஸ். அடிக்கடி பொரிப்பவர்கள் ஒரு சமையல் வெப்பமானி வாங்கிவிடுவது நல்லது. அது இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். உள்ளே போய் இரண்டு நொடிக்குள் சுற்றிலும் நுரைத்துக்கொண்டு மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே நான்கைந்து நொடி கிடந்தால் இன்னும் காய வேண்டும். போட்டதுமே மேலே நின்று சிவக்க ஆரம்பித்தால் அடுப்பைக் குறைத்துக் காத்திருங்கள்.

எண்ணெய் காயாமல் போட்டால் ஓடு இறுகுவதற்குள் எண்ணெயைக் குடித்துவிடும். 200 டிகிரிக்கு மேல் போனால் ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும், வெங்காயம் வேகாது, ஓட்டுக்குள் ஈரம் அடைபட்டுக்கொள்ளும். பார்க்க அழகாக இருந்து சீக்கிரம் நமுத்துப் போவது பெரும்பாலும் இந்த அவசரச் சூட்டில் பொரித்ததுதான்.

பொரிப்பது

ஐந்து ஐந்தாக எடுத்து, முதலில் உலர் மாவில் புரட்டுங்கள். உட்பக்கம், வெளிப்பக்கம், விளிம்பு எல்லாவற்றிலும் மெல்லிய பூச்சுப் படிய வேண்டும். பிறகு தட்டி உதறுங்கள். இந்தப் பூச்சு மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், கரைத்த மாவுக்குப் பிடிமானமும் தரும். புரட்டாமல் நேரே முக்கினால் அங்கங்கே வழுக்கை விழும், பொரிந்த பிறகு ஓடு உரிந்து வரும்.

புரட்டியதை மாவில் முக்கி, முள்கரண்டியாலோ ஒரு குச்சியாலோ தூக்கி, கிண்ணத்தின் மேல் மூன்று நொடி வழியவிடுங்கள். எண்ணெயில் தொப்பென்று போடக்கூடாது. வளையத்தின் கீழ்ப் பாதி எண்ணெயில் இருக்கும்படி இரண்டு நொடி பிடித்து, மாவு இறுகத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள். அப்படியானால் அடியில் போய் ஒட்டாது, பக்கத்து வளையத்தோடும் சேராது. 24 சென்டிமீட்டர் வாணலிக்கு ஒரு ஈட்டுக்கு ஐந்து போதும். போட்டதும் சூடு இறங்கும் என்பதால் தீயைக் கொஞ்சம் கூட்டி, அரை நிமிடம் கழித்து மிதமாக்குங்கள்.

முதல் அரை நிமிடம் கரண்டி படவே கூடாது. அதற்குப் பிறகு திருப்பி, மொத்தம் இரண்டரை முதல் மூன்று நிமிடம். நிறத்தைவிடச் சத்தத்தைக் கவனியுங்கள். போட்டவுடன் சடசடவென்று பெரிய குமிழாக இரைச்சல் வரும், அது வெங்காயத்தின் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். இரைச்சல் தணிந்து, சின்னச் சின்னக் குமிழாகி, சலசலப்பு மட்டும் மிஞ்சும்போது எடுக்கலாம். பொன்னிறம் வந்த பிறகும் இரைச்சல் பலமாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். தீயைக் குறைத்து இன்னும் அரை நிமிடம் விடுங்கள்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே உதிர்ந்த மாவுத் துணுக்குகளை ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள். விட்டால் அவை கருகி, அடுத்த வளையங்களில் கரும்புள்ளியாக ஒட்டும், எண்ணெயும் கசக்கும். எண்ணெய் மறுபடி காயும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

எடுத்த பிறகு

டிஷ்யூ பேப்பர் மேல் குவிப்பதுதான் வழக்கம். ஆனால் நமுத்துப் போவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. சூடான வளையத்தின் அடியில் இருந்து கிளம்பும் ஆவி போக இடமில்லாமல் தாளிலேயே நீராகி, ஓட்டுக்குள் திரும்ப ஏறும். ஒரு கம்பித் தட்டின் மேல், இல்லையென்றால் கவிழ்த்த சல்லடையின் மேல், ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். எடுத்த அரை நிமிடத்துக்குள் தூள் உப்பை மேலே தூவுங்கள். எண்ணெய்ப் பசை காய்ந்துவிட்டால் உப்பு ஒட்டாது. மேலே மூடி போடாதீர்கள்.

விருந்தினர் வரும்வரை வைத்திருக்க வேண்டுமென்றால் இரண்டு முறை பொரிப்பது நல்லது. முதலில் 165 டிகிரியில் இரண்டு நிமிடம், வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்து கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். பரிமாறும் நேரத்தில் 190 டிகிரியில் முக்கால் நிமிடம். இடைவெளியில் உள் ஈரம் ஓட்டுக்கு வந்து சேரும், இரண்டாவது முறை அது பறந்துவிடும். ஓவன் இருந்தால் பொரித்ததை 100 டிகிரியில் கம்பித் தட்டோடு அரை மணி நேரம் வைக்கலாம். மைக்ரோவேவில் சுடவைத்தால் துவண்டுவிடும்.

பிரெட் தூளில் செய்வது

இன்னும் நேரம் தாங்க வேண்டும் என்றால் இந்த வகை. ஆறு துண்டு பிரெட்டை தோசைக்கல்லில் சிறு தீயில் சிவக்காமல் உலர்த்தி, மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றி ரவையைவிடப் பெரிதாகப் பொடியுங்கள். ரஸ்க் தூளும் ஆகும், ஆனால் இனிப்பான ரஸ்க் என்றால் அதன் சர்க்கரை வேகமாகக் கறுக்கும்.

மைதா 60 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், உப்பு அரை டீஸ்பூன், தண்ணீர் 120 மில்லி சேர்த்துக் கரையுங்கள், பேக்கிங் பவுடர் வேண்டாம். உலர் மாவு, கரைத்த மாவு, பிரெட் தூள் என்ற வரிசையில் புரட்டி, ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நான்காவது வளையத்துக்குள் விரலெல்லாம் மாவு உருண்டை கட்டிவிடும். ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் தூள் நன்றாகப் பிடிக்கும், எண்ணெயில் உதிராது. 175 டிகிரியில் இரண்டு நிமிடம் போதும். பொரிக்காமல் அப்படியே உறையவைத்து, வேண்டும்போது உருகவிடாமல் மூன்று நிமிடம் பொரிக்கவும் முடியும்.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வகைதான். கரைத்த மாவில் முக்கியது அங்கே ஒழுகி வலையில் ஒட்டிக்கொள்ளும். பிரெட் தூளில் முன்கூட்டியே 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் பிசிறி, 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பினால் போதும்.

தொட்டுக்கொள்ள

மயோனைஸ் 4 டேபிள்ஸ்பூன், தக்காளி சாஸ் 2 டீஸ்பூன், ஒரு பல் பூண்டு அரைத்தது, மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். முட்டை வேண்டாதவர்கள் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரில் இதையே செய்யலாம். நீர்த்த சட்னி எதுவும் இதற்கு ஆகாது. இவ்வளவு பாடுபட்டு ஈரத்தை விரட்டிவிட்டு அதையே மறுபடி ஊற்றிக்கொள்வது போலாகும்.

பாதுகாப்பும் மிச்ச எண்ணெயும்

எண்ணெய் புகையத் தொடங்கினால் உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, வாணலி மேல் ஒரு தட்டையோ மூடியையோ போட்டு ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய தண்ணீர் அந்தச் சூட்டில் சட்டென ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசிவிடும்.

பொரித்த எண்ணெய் ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி வைத்தால் தாளிக்கவும், இன்னும் ஒன்றிரண்டு முறை பொரிக்கவும் பயன்படுத்தலாம். வெங்காய வாசனை இருக்கும் என்பதால் இனிப்புப் பலகாரத்துக்கு வேண்டாம். உணவகங்கள் திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் சூட்டில் சிதைவதால் உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் அதை அளக்க முடியாது, ஆனால் எண்ணெய் கறுத்து, பிசுபிசுப்பாகி, காயும்போதே நுரை கட்டி, வழக்கத்தைவிட முன்னதாகப் புகைந்தால் கொட்டிவிட வேண்டிய நேரம். சிங்க்கில் ஊற்ற வேண்டாம், ஒரு பாட்டிலில் அடைத்துக் குப்பையில் சேருங்கள்.

எடுத்து வைத்த சின்ன வளையங்களைப் பொடியாக அரிந்து, கிண்ணத்தில் மிஞ்சிய மாவில் போட்டு, ஒரு பச்சைமிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை, இரண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துப் பிசிறி, அடுப்பை அணைக்கும் முன் அதே எண்ணெயில் கிள்ளிப் போட்டுவிடுங்கள். பக்கோடாவாக ஒரு தட்டு தேறும்.